சம்பந்தி வெந்நீரில் வெந்த டம்ளர்கள்

உங்களில் பலர் வீட்டிலும் அவை இருந்திருக்கும். கிளிப்பச்சை, ராணி ரோஸ், மயில்நீலம் என்று மினுமினுக்கும் அலுமினிய டம்ளர்கள். கையில் எடுத்தால் கனமே தெரியாது. மோர் ஊற்றினால் உடனே வெளிப்பக்கம் வியர்த்துவிடும். விருந்தாளி வந்தால்தான் அலமாரியிலிருந்து கீழே இறங்கும். அவர் போனதும் துடைத்து மறுபடி மேலே ஏறிவிடும். பிறகு எவர்சில்வர் வந்தது. அவை எல்லாம் பழைய பாத்திரக்காரர் தராசில் போய் உட்கார்ந்தன. இப்போது ஒன்று வேண்டுமென்று தேடினால் கிடைக்காது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்த நிறம் எப்படி ஏறியது என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும். அறுபதுகளின் ஆரம்பத்தில், ஒரு கோடை விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

எடமலைப்பட்டி புதூரில், மதுரை ரோட்டின் ஓரத்தில் அப்பாவுக்கு பேட்டரி சார்ஜ் செய்யும் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. லாரிக்காரர்கள் பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, மறுநாள் வந்து எடுத்துப்போவார்கள். ஆசிட் நெடி எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. வெளியூர் உறவினர் வந்து இருமும்போதுதான் அப்படி ஒன்று இருக்கிறது என்பதே நினைவுக்கு வரும். பொத்தல் விழாத சட்டை என்று அப்பாவுக்கு ஒன்றே ஒன்று உண்டு. அது ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு.

அந்த ஏப்ரலில் அப்பாவின் தங்கை, என் அத்தை, தகரப் பெட்டியுடன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கெமிஸ்ட்ரி படித்தவள். ஒரு காலேஜில் தற்காலிகமாக டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை பார்த்தாள். அந்த வருஷத்தோடு வேலை முடிந்துவிட்டது. அப்பா யாரிடமோ சொல்லி மருங்காபுரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஸ்கூல் திறக்கும்போது போய்ச் சேரவேண்டும்.

அத்தை முதல் வாரம் யாரிடமும் அதிகம் பேசவில்லை. கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேட்டரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போன துக்கம் என்று அம்மா முடிவு கட்டி, அவள் சாதத்தில் மட்டும் இன்னொரு கரண்டி நெய் விட்டாள். அப்பா அவளுக்காக அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில் அத்தை தலை நிமிர்ந்தாள்.

"அண்ணே, உங்க கடையில கரன்ட் மாத்துற மெஷின் இருக்கு. ஆசிட் இருக்கு. ஈயத் தகடு இருக்கு. அலுமினியத்துக்குக் கலர் போட இதுக்கு மேல என்ன வேணும்?"

அப்பாவுக்குப் புரியவில்லை. "அலுமினியத்துக்கு ஏன் கலர் போடணும்?"

"கடைவீதியில பம்பாய் டம்ளர் விக்கிறான் பாருங்க, அது மாதிரி. ஆனா அதெல்லாம் ஒரே கலர். நான் ஒரு டம்ளர்ல ரெண்டு கலர், மூணு கலர் கொண்டுவரேன்."

அவளுக்கு மனசு மாறட்டும் என்று அப்பா சம்மதித்தார். "ஸ்கூல் திறக்கிறவரைக்கும் விளையாடு. அப்புறம் மெஷின் எனக்கு வேணும்."

அத்தை எனக்கு விளக்கியது இன்றும் காதில் இருக்கிறது. ஆசிட் தண்ணீரில் டம்ளரைத் தொங்கவிட்டுக் கரன்ட் பாய்ச்சினால் அதன்மேல் ஒரு தோல் வளரும். அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள். சாயத்தில் முக்கினால் துவாரங்கள் சாயத்தைக் குடித்துக்கொள்ளும். பிறகு கொதிக்கும் தண்ணீரில் போட்டால் துவாரங்கள் மூடிக்கொண்டு நிறம் உள்ளேயே தங்கிவிடும். "சாயம் பூசறது இல்லடி இது. டம்ளர் குடிக்குது" என்றாள். அன்றிலிருந்து டம்ளர்களைப் பார்த்தால் எனக்குத் தாகமான முகங்களாகத் தெரிந்தன.

குடிக்க வைப்பது சுலபமாக இல்லை. முதலில் உறையூரில் நூலுக்குச் சாயம் போடுகிற ஒரு பெண்மணியிடம் வாங்கிய சாயம் ஏறவே இல்லை. டம்ளர் அழுக்கு வேட்டி மாதிரி வெளியே வந்தது. அந்த அம்மாவும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பட்டுக்குப் போடும் சாயத்தைப் பார்க்கலாம் என்று அடுத்த தடவை அவரும் அத்தையுமாகத் தேர்ந்தெடுத்தார்கள். அது பிடித்தது. ராணி ரோஸ் டம்ளர் ஒன்று தொட்டியிலிருந்து தலை நீட்டியபோது அம்மா "மாதாவே!" என்று கத்தியதில், கடையில் இருந்த லாரிக்காரர் யாருக்கோ ஷாக் அடித்துவிட்டதென்று ஓடிவந்தார்.

திருச்சி வெயிலில் ஆசிட் சீக்கிரம் சூடேறியது. சூடேறினால் தோல் மாவு மாதிரி உதிர்ந்தது. அதனால் தினமும் காலையில் மரத்தூளில் பொதிந்த ஐஸ் கட்டி ஒன்று சைக்கிள் கேரியரில் வரும். தொட்டியைச் சுற்றி ஐஸை அடுக்குவார்கள். உடைந்து சிதறும் சில்லுகள் எனக்கு. மரத்தூளை ஊதிவிட்டு வாயில் போட்டால் பல் கூசும். மர வாசனையோடு ஒரு குளிர்ச்சி தொண்டைக்குள் இறங்கும். எத்தனை ஃப்ரிட்ஜ் வந்தும் அந்த ஐஸின் ருசி எனக்குத் திரும்பவில்லை.

இரண்டு நிறம் கொண்டுவருவதில் அம்மா உள்ளே நுழைந்தாள். முழு டம்ளரையும் ரோஸில் முக்கிவிட்டு, கீழ்ப்பாதியை மட்டும் நீலத்தில் விட்டால் அடியில் கத்தரிப்பூ நிறம் வரும். ஆனால் இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போலத் தெரிந்தது. ஒன்று இன்னொன்றில் கரையவேண்டும் என்று அத்தை நினைத்தாள். அதற்கு டம்ளரை மெல்ல மெல்ல, கை நடுங்காமல், நிற்காமல் மேலே தூக்கவேண்டும். அத்தைக்கு அந்தப் பொறுமை கிடையாது. அம்மா நூலைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். மாலையில் பத்து மணிகள் உருட்டி முடியும்போது டம்ளர் வெளியே வந்திருக்கும். மேலே ரோஸ், கீழே போகப் போகச் சாயங்கால வானம். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் சொன்ன அளவுக்கு ஜெபமாலை எந்தக் கோயிலிலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கோலமும் அம்மாவின் யோசனைதான். கோலம் போட்ட இடத்தில் சாயம் ஏறக்கூடாது, வெள்ளியாகவே நிற்கவேண்டும். மெழுகால் வரைந்து பார்த்தாள். சாயத்தொட்டியின் சூட்டில் மெழுகு உருகி மேலே ஆடையாக மிதந்தது. கடைசியில் நகப் பாலிஷ் தாங்கியது; சாயம் ஏறியதும் அதைத் துடைத்தெடுத்தால் அடியில் வெள்ளிக் கோடு. அதை வாங்கிவர அப்பாதான் போனார். ஒவ்வொரு தடவையும் கைநிறைய நகப் பாலிஷ் புட்டிகளை வாங்கும் பேட்டரிக்காரரைப் பற்றி ஃபேன்ஸி ஸ்டோர்காரர் என்ன நினைத்தாரோ, ஒரு நாள் அம்மாவை வழியில் பார்த்து, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா?" என்று ரொம்பவும் அக்கறையாகக் கேட்டார்.

அப்பாவும் ஒரு டம்ளர் செய்தார், அவர் அறியாமலே. ஆசிட் தொட்டியிலிருந்து எடுத்த ஈர டம்ளரைப் பக்கத்துக் கடைக்காரருக்குக் காட்டப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு போனார். பச்சையில் முக்கி எடுத்தபோது அவருடைய ஐந்து விரலும் வெள்ளையாக அதில் இருந்தன. கையின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சாயம் குடிக்காது. அத்தை அன்று அவரோடு பேசவில்லை. அப்பா அதையே ஷேவிங் டம்ளராக வைத்துக்கொண்டார்.

ஸ்ரீரங்கத்து அக்காவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அத்தையோடு காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். வக்கீல் வீட்டுப் பெண். வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு டெல்லியில் உத்தியோகம். வாரத்தில் ஒரு நாள், கல்யாண ஜவுளி பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவாள். மடிசார் கட்டப்போகிற பெண் என்று நம்பமுடியாதபடி புடவையை முழங்காலுக்குச் சொருகிக்கொண்டு தொட்டி அருகில் உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் டம்ளர் ஒன்றை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"என் கல்யாணத்துக்கு வரவாளுக்கெல்லாம் இதுதான் கொடுக்கணும். அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

வக்கீல் மாமாவுக்கு இஷ்டமில்லை. அலுமினியத்தில் அவர்கள் வீட்டில் தீர்த்தம்கூடச் சாப்பிடமாட்டார்கள். "கல்கண்டு போட்டுக் கொடுக்கத்தானே அப்பா" என்று சொல்லி அவள் சம்மதம் வாங்கிவிட்டாள். வேலையில்லாத சிநேகிதிக்கு அவள் செய்கிற உபகாரம் இது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் நினைத்தார்கள். "தங்கமான பொண்ணு" என்று அம்மா கண் கலங்கினாள். எனக்கு இப்போதுதான் தெரிகிறது: வகுப்பில் முதலாவதாக வந்தவள் அந்த அக்கா. அத்தை இரண்டாவது. மேலே படிக்க அனுப்பமாட்டோம் என்று வக்கீல் வீட்டில் சொல்லிவிட்டார்கள். எங்கள் பின்கட்டுத் தொட்டியை விட்டால் அவளுக்கு வேறு லேபரட்டரி கிடையாது. உபகாரம் என்று பார்த்தால் அது எந்தப் பக்கம் போயிற்று என்று சொல்வது கஷ்டம்.

அன்றிலிருந்து தொட்டி நிற்காமல் ஓடியது. பேட்டரி கேட்டு வந்த லாரிக்காரர்களை அப்பா நாளைக்கு, நாளைக்கு என்று திருப்பி அனுப்பினார். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், டம்ளர்களை வைக்கோல் போட்ட பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு வாடகை வேனில் ஸ்ரீரங்கம் போய் இறங்கினோம். அம்மா மண்டபம் ரோட்டில், காவேரிக்குப் பக்கத்தில் கல்யாணச் சத்திரம். வக்கீல் மாமா எங்களுக்குத் தனி ரூம் கொடுத்துவிட்டு, கையைப் பிசைந்தபடி, "தளிகை உள், சமையல் நடக்கற பக்கம் மட்டும் வரவேண்டாம்மா, தப்பா நினைச்சுக்கக் கூடாது" என்றார். "டம்ளரைக் குடுத்துட்டு ஒதுங்கிக்கறோம் மாமா" என்று அத்தை சிரித்தாள்.

பெட்டியைத் திறந்ததும் அக்கா ஓடிவந்தாள். அப்போதுதான் முகம் கழுவியிருந்தாள், கை ஈரம். டம்ளரைக் கையில் எடுத்து, சுற்றிப் பார்த்து, கீழே வைத்தாள். அவள் உள்ளங்கை ரோஸாக இருந்தது.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"துவாரம் மூடலைடி" என்றாள் அக்கா.

அத்தையின் முகம் செத்துவிட்டது. "நல்லா கொதிக்க வச்சேனே. எல்லாத்தையும் நானேதானே கொதிக்க வச்சேன்."

"எந்த ஜலத்துல?"

"எங்க கிணத்துத் தண்ணியில."

புதூர்க் கிணற்றுத் தண்ணீர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. வெந்நீர்ப் பானையின் உள்ளே சுண்ணாம்பு மாதிரி அடை அடையாகப் படியும். முதல் சில டம்ளர்களைப் பஞ்சாயத்துக் குழாயில் வந்த தண்ணீரில் கொதிக்க வைத்திருந்தார்கள். அவை நிறம் விடவில்லை. கோடை முற்றிக் குழாய் நின்ற பிறகு கிணறுதான்.

"தண்ணியில இருக்கிற உப்பு மூடவிடாம தடுத்திருக்கு. சாயம் உள்ள நிக்கல" என்று அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு எல்லார் கையிலயும் ஒட்டும். அண்ணன் மெஷினைக் குடுத்து, லாரிக்காரங்ககிட்டப் பேச்சு வாங்கி... நான் மருங்காபுரிக்கே போயிடறேன்."

அக்கா டம்ளரை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா போட்ட கோலம், வெள்ளிக் கோடுகளாக.

"அப்போ இன்னும் திறந்துதான் இருக்கு" என்றாள்.

"அதைத்தானே சொல்றேன்."

"திறந்திருந்தா இன்னொரு கலர் குடிக்குமோல்லியோ? மஞ்சள் சாயம் கொண்டு வந்திருக்கியா?"

அத்தை நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாராவது வேறு நிறம் கேட்டால் காட்டலாம் என்று எல்லாச் சாயத்திலும் கொஞ்சம் கொண்டுவந்திருந்தாள். வாளியில் மஞ்சளைக் கரைத்து ஒரு டம்ளரை முக்கி எடுத்தாள். ரோஸும் கத்தரிப்பூவும் லேசாகச் சிவந்ததோடு சரி. ஆனால் வெள்ளிக் கோடுகள் முழுவதும் பொன்னாகிவிட்டன. பொன் கோலம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூட வேண்டியதுதான் பாக்கி. அதற்கு நல்ல தண்ணீர், நிறைய, கொதிக்கக் கொதிக்க வேண்டும். சத்திரத்துப் பின்கட்டில் கோட்டை அடுப்பின்மேல் பெரிய அண்டா ஒன்று இருந்தது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சுத்தமான காவேரித் தண்ணீராகக் குடம் குடமாகக் கொண்டுவந்து அதை நிரப்பியிருந்தார்கள். விடியற்காலையில் மாப்பிள்ளை வீட்டார் குளிப்பதற்கு.

"அது சம்பந்தி வெந்நீர்டி" என்றாள் அத்தை.

"தெரியும்" என்றாள் அக்கா.

விடிகிற நேரத்தில் நான் போய்ப் பார்த்தபோது அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. சணல் கயிற்றில் கோத்த டம்ளர்கள் மாலை மாலையாக அதற்குள் கிடந்தன. அப்பா அடுப்பில் விறகைத் தள்ளினார். அம்மா ஒரு மாலையை இறக்கினாள், ஒன்றை எடுத்தாள். மஞ்சள் வாளிக்கு முன்னால், தலையில் எண்ணெயும் முகத்தில் மஞ்சளுமாகக் கல்யாணப் பெண் குந்தி உட்கார்ந்து டம்ளர்களை முக்கிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து "பொண்ணு எங்கே? பொண்ணு எங்கே?" என்று குரல் வந்தது. அவள் அசையவில்லை.

சம்பந்திகள் வர ஆரம்பித்தார்கள். இடுப்பில் துண்டு, கையில் சொம்பு. முதலில் இரண்டு பேர், பிறகு ஒரு கூட்டம்.

"ஸ்நானத்துக்கு வெந்நீர் எங்கே?"

"இதோ ஆயிடும் மாமா" என்றாள் அத்தை.

"என்ன ஆயிடும்? கொதிச்சுண்டிருக்கே! இதுல என்ன போட்டு வேக விடறேள்?"

"டம்ளர்."

அந்த மனிதர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொருவரைப் பார்த்தார். சத்தம் ஏறியது. மாப்பிள்ளை வீட்டாரை அவமானப்படுத்துவதற்கென்றே ஜலத்தை மறித்திருக்கிறார்கள் என்று ஒருவர் ஆரம்பித்தார். வக்கீல் மாமா ஓடிவந்தார். அண்டாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கோர்ட்டில் அத்தனை பேசுகிறவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இந்த ரகளையில், மாப்பிள்ளையின் அப்பா யாரையும் எதுவும் கேட்காமல், அண்டாவிலிருந்து ஒரு வாளி மொண்டு, தண்ணீர் விளாவி, மறைவுக்குப் போய்க் குளித்துவிட்டார். ஊருக்கெல்லாம் பயம் அவரிடம்தான். நிச்சயதார்த்தத்தில் வெற்றிலை வாடியிருந்தது என்று கோபித்துக்கொண்டவர். துண்டைப் பிழிந்தபடி வெளியே வந்தவரைப் பார்த்ததும் கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. வெள்ளைத் துண்டு மஞ்சள். மார்பு மஞ்சள். நரைத்த குடுமி நல்ல எலுமிச்சம்பழ மஞ்சள்.

"என்ன பார்க்கறேள்?" என்றார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

கல்யாணப் பெண் எழுந்து நின்றாள். "என் தப்புதான் மாமா. டம்ளருக்கு மஞ்சள் சாயம் கொடுத்தேன். அது ஜலத்துல கொஞ்சம் இறங்கிடுத்து."

"நீ கொடுத்தியா?"

"ஆமாம் மாமா."

"போகுமோ?"

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். நிஜமாகவே கணக்குப் போட்டாள் என்று நினைக்கிறேன். "உடம்புல ரெண்டு மூணு நாள்ல போயிடும். துண்டு பருத்திதானே, சோப்புப் போட்டா போயிடும். குடுமி... குடுமி கொஞ்சம் நாளாகும் மாமா. மயிர்ல இந்தச் சாயம் நன்னாப் பிடிக்கும், பட்டு மாதிரி."

அவர் அண்டா அருகில் போய், கொக்கியால் ஒரு மாலையைத் தூக்கினார். சூரியன் அப்போதுதான் சத்திரத்துச் சுவருக்கு மேலே வந்திருந்தது. ரோஸ், கத்தரிப்பூ, நடுவே பொன் கோலம். தண்ணீர் சொட்டச் சொட்ட ஆவி பறந்தது. ஒன்றைத் துண்டு முனையால் பிடித்து நன்றாகத் தேய்த்தார். துண்டில் எதுவும் ஒட்டவில்லை.

"இதுல போகாது போலிருக்கே" என்றார்.

"இதுல எப்பவும் போகாது" என்று அத்தையும் அக்காவும் ஒன்றாகச் சொன்னார்கள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாப்பிள்ளைக்குத்தான் நலங்கு வைப்பா. மாப்பிள்ளை தோப்பனாருக்கு வெச்ச கல்யாணம் இதுதான்" என்று சொல்லிவிட்டு, தன் கூட்டத்தைப் பார்த்து, "ஆத்துல குளிக்கத் தெரியாதோ உங்களுக்கு? காவேரி பத்தடியில ஓடறது. நடங்கோ" என்று அதட்டினார். துண்டு கட்டிய ஊர்வலம் ஒன்று அம்மா மண்டபத்தை நோக்கிப் போயிற்று. ஆற்றில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர். அதிலே குளித்துவிட்டுச் சந்தோஷமாகவே திரும்பி வந்தார்கள்.

முகூர்த்தம் தப்பவில்லை. தாலி கட்டும்போது மணப்பெண்ணின் பத்து விரலும் மஞ்சளாக இருந்ததை எல்லோரும் பொருத்தமாகத்தான் நினைத்தார்கள். சம்பந்தி மாமா மஞ்சள் குடுமியோடு வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் டம்ளரைக் காட்டி, "எங்க மாட்டுப்பொண் கலர் போட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை போட்டது என்று யாரும் திருத்தவில்லை, அத்தையும் திருத்தவில்லை. மத்தியானத்துக்குள் அத்தையிடம் இரண்டு கல்யாண வீட்டார் விலை கேட்டுவிட்டார்கள். பெரிய கடைவீதிப் பாத்திரக்கடைக்காரர் ஒருவரும் கேட்டார். வேனில் திரும்பும்போது அப்பா விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். பாலத்தில் ஏறும்போது, "இன்னொரு மெஷின் வாங்கணும்னா எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். மருங்காபுரிக்கு அத்தை போகவே இல்லை. குழாய்த் தண்ணீர் எந்நேரமும் வருகிற இடமாகப் பார்த்துப் பாலக்கரையில் ஒரு கொட்டகை பிடித்தாள். நான் காலேஜ் முடிக்கும்வரை அது நடந்தது.

அக்கா டெல்லிக்குப் புறப்பட்ட அன்று ஜங்ஷனுக்குப் போயிருந்தோம். புது மாப்பிள்ளை எங்கள் அப்பாவைத் தனியாகத் தூண் ஓரம் அழைத்துப்போனார். டம்ளர் பற்றி ஏதாவது குறையாக இருக்குமோ என்று அம்மா பதறினாள். அவர் கேட்டது இதுதான்:

"கார் பேட்டரி சார்ஜ் பண்ற மெஷின் டெல்லில எங்கே கிடைக்கும்னு தெரியுமோ? என்கிட்ட காரே கிடையாது. ஆனா இவ கேக்கறா."

ஒரு வருஷம் கழித்து டெல்லியிலிருந்து தபாலில் ஒரு பார்சல் வந்தது. வைக்கோலை விலக்கினால் ஒரே ஒரு டம்ளர். அடியில் கருநீலம், அதற்கு மேல் மயில் கழுத்து, அப்புறம் பச்சை, விளிம்பில் வெளிர் மஞ்சள்; எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று சொல்லமுடியாது. அம்மா முத்தமிட்டாள். அத்தை அதை ஜன்னலுக்கு எடுத்துப்போய், எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"நாலு கலர்" என்றாள். "எப்படித் தூக்கினா இதை?"

அன்று வீட்டில் கறிக்குழம்பு. அத்தை சாப்பிட வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பாலக்கரைக் கொட்டகைக்குப் போய்விட்டாள்.